வலஞ்சுழி, இடஞ்சுழி

ரரோடொங்காவில் கரையோரமாய்ச் சுற்றிவரும் சாலை ஒன்றுதான்.
முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி
ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும்.
அதில் பேருந்து இரண்டு.
ஒன்றின் நெற்றியில் வலஞ்சுழி,
மற்றதில் இடஞ்சுழி.
இடஞ்சுழி என்னுடையது.
வலஞ்சுழியை ஓட்டுகிறவள் தெபயேரு,
என் மனைவி.

ஏறுகிறவர்கள் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்கிறார்கள்:
இங்கே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?

மூரியில் இறங்குங்கள்.
ஓதம் வற்றிய நேரமென்றால்
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம்
எதிரே தெரியும் குட்டித் தீவுக்கு.
முகமூடி மாட்டிக் குனிந்தால்
நீல நட்சத்திர மீன் கிடக்கும்.
அது உங்களைச் சட்டைசெய்யாது.
ஊசிப்பாறைக்கு ஏறுவதானால்
நல்ல காலணி போடுங்கள்,
போன வாரம் ஒரு டேனிஷ்காரரைத்
தூக்கித்தான் வந்தோம், ரப்பர் செருப்போடு.
சனிக்கிழமைச் சந்தைக்கு விடிந்ததும் வாருங்கள்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள்.
தேவாலயத்தின் பின்வரிசையில் உட்காருங்கள்,
பெண்கள் குரலெடுத்தால் ஜன்னல் அதிரும்.
வீட்டு முற்றங்களில் கல்லறைகள் இருக்கும்,
பயம் வேண்டாம்,
அவர்களும் வீட்டு ஆட்கள்தான்.

இப்போது வலப்பக்கம் உட்காருங்கள்.
கடல் வலப்பக்கம்.

ஒரு சுற்றுக்கு இரண்டு முறை
அவளும் நானும் எதிர்ப்படுவோம்,
அரோரங்கியில் ஒருமுறை, மூரியில் ஒருமுறை.
கடலோரத் தடம் அவளுக்கு, மலையோரத் தடம் எனக்கு.
இரண்டு ஓட்டுநர் ஜன்னலும்
ஒரு கை தூரத்தில் கடக்கும்.
அவள் கை உயர்த்துவாள், நானும்.
பதினொரு வருடமாக அவ்வளவுதான்,
அதற்குமேல் நின்று பேச அட்டவணையில் இடமில்லை.

கூரைத் தகரத்துக்குச் சேர்த்த பணத்தில்
நான் படகு எஞ்சின் வாங்கினேன்.
மலிவு. கிட்டத்தட்டப் புதியது.
அதைச் சொன்ன செவ்வாய்க்கிழமை இரவே
மழை பெய்தது வேண்டுமென்றே.
கட்டிலைச் சுற்றி நான்கு பாத்திரம்,
நான்கும் நான்கு சுருதியில்.

புதன்கிழமை அரோரங்கியில் கை உயரவில்லை.
மூரியில் உயரவில்லை.
வியாழன், ஆறு சுற்று, பன்னிரண்டு முறை.
வெள்ளிக்கிழமை பவளப்பாறை விளிம்புக்கு அப்பால்
திமிங்கலம் ஒன்று மூச்சு விட்டது.
வண்டியே கூச்சலிட்டு
வலப்பக்கம் சாய்ந்தது.
அப்போதுதான் வலஞ்சுழி கடந்தது.
எல்லாரும் திமிங்கலத்தைப் பார்த்தார்கள்.
நான் பார்த்தது
ஸ்டியரிங்கை விட்டு நகராத ஐந்து விரல்களை.

சனிக்கிழமை, மூரி, பன்னிரண்டே கால்.
அவள் வண்டி வேகம் குறைந்தது.
நின்றது.
நானும் நிறுத்தினேன். பின்னால் ஸ்கூட்டர்கள் ஒலி எழுப்பின,
ஒரு சேவல் மட்டும் நிதானமாகச் சாலையைக் கடந்தது.
கண்ணாடியைத் தள்ளிவிட்டு
ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
நான் வாங்கியதும் கிளம்பிவிட்டாள்.

என் வண்டியில் மூன்று பேர் படம் எடுத்தார்கள்.
டிமாருவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பல்மருத்துவர்
'இது தினமும் உண்டா,
எத்தனை மணிக்கு?' என்றார்.

அவருவா வந்து, எல்லாரும் இறங்கியபின் திறந்தேன்.
எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் ஊறிய பச்சை மீன்,
என் எஞ்சின் பிடித்த மீன் அல்ல,
கடையில் வாங்கியது.
மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தது
இரும்புக்கடை விலைச்சீட்டு:
தகரம் ஆறு, ஆணி இரண்டு கிலோ.
மொத்தத்தின் கீழே அவள் கையெழுத்தில்
என் பெயர், ஙமெதுவா,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.

எஞ்சினுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மலிவாகத் தருகிறேன்.

அடுத்த சுற்றுக்கு ஒரு இளம் தம்பதி ஏறினார்கள்,
தோள் இரண்டும் வெயிலில் வெந்து.
என்ன பார்க்கலாம் என்றார்கள்.
வலப்பக்கம் உட்காருங்கள் என்றேன்.
அரோரங்கியில், வெள்ளைத் தேவாலயம் தாண்டியதும்,
ஒரு நொடி கடல் மறையும்.
அதைப் பாருங்கள்.