ஆறு ஆலங்குயில்

வாலிநோக்கம் பிரிவு, மூன்றாம் வழித்தடம்.
மின்வாரியம் தந்த கருவியில்
ஆலங்குயில் என்று தட்டினால் ஆறு வந்து நிற்கும்.
எது வேண்டும் என்று கேட்கும்.
எனக்கு ஆறும் வேண்டும்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

ஐஸ் பிளான்ட்டுக்கு அந்தப் பெயர்,
யூனிட் எப்போதும் ஐந்து இலக்கம்.
சீனி இபுராகிமின் டீக்கடைக்கும் அதே.
உப்பளத்து மோட்டார் கொட்டகை ஒன்று,
வலை பின்னும் கூடம் ஒன்று
(அதில் மீட்டர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்,
ஒவ்வொரு முறையும் யாராவது ஸ்டூல் தேட வேண்டும்).
துபாய்ப் பணத்தில் எழும்பிய மாடிவீட்டின் நெற்றியில்
பளிங்கில் வெட்டி, தங்கம் பூசி, மறுபடி அதே.

குயில் இங்கே நான் கேட்டதில்லை.
ஆலமரம் வேண்டுமென்றால் ஏர்வாடி பக்கம் போக வேண்டும்.

கப்பல் உடைத்த காலத்தில்
கரையேறிச் சாய்ந்த ஒன்றின் முகத்துத் தகடாம்.
ஒன்பது ஆங்கில எழுத்து.
ஆறாவது எழுத்தின் வாலைத் துரு தின்றிருந்தது.
படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்,
ஆளுக்கொரு விதமாய்ப் படித்துச் சண்டை போட்டார்கள்.
படிக்காத மீராக்கனி, தோளில் ஆக்ஸிஜன் குழாயோடு,
"ஆலங்குயில்னு வைங்கப்பா" என்றார்.
அது நின்றுவிட்டது.
தகடு இப்போது இபுராகிம் கடையில்
பாய்லருக்கு அடியில்
சூடு தாங்குகிறது.

ஓர் இரவு குனிந்து பார்த்து
வால் போன எழுத்துக்கு வால் கொடுத்து
போனில் தேடினேன். அல்கான்குவின்.
அங்கேயும் அதே கேள்வி: எது வேண்டும்?
சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கும் காடு.
பெரிய நகரத்தில் ஒரு விடுதி. கல்லூரி.
கப்பல்கள், ஒன்றல்ல.
மரம் வெட்ட ஆள் சேர்த்து எழுந்து
மரம் தீர்ந்ததும் கலைந்து
வேறு பெயருக்குள் போன ஓர் ஊர்.
விரலால் தள்ளித் தள்ளி வந்தால்
ஒரு சனம்.
ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறார்கள்.
தங்களைத் தாங்கள் சொல்லிக்கொள்வது
வேறொரு சொல்லால்.

டீ ஆறிவிட்டது. இபுராகிம் இன்னொன்று வைத்தார்,
காசு வேண்டாமென்றார். பில் குறையுமா என்று பார்க்கிறார்.

ஆறாவது:
ஆலங்குயில் குடியிருப்பு, ஒன்பது இணைப்பு,
எல்லாம் ஒரு விளக்கு.
உப்பளம் தாண்டி வண்டி போகாது, நடைதான்.
ஐஸ் பிளான்ட்காரர் குத்தகைக்கு எடுத்த காடு அது.
சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி,
மூட்டம் போட்டு, ஊதுவழி பார்த்து,
ராத்திரி முழுக்க விழித்திருந்தால்
காலையில் கரி.
பெயர்ப்பலகையும் அவரே நட்டார்.
அங்கே இருந்தவர்கள் ஒருநாளும்
அப்படிச் சொன்னதில்லை.
சாயல்குடி பேருந்தில் இருளாயியைப் பார்த்தபோது
"ஆலங்குயில்ல இருந்தீங்கள்ல?" என்றேன்.
விழித்தாள்.
"மூட்டத்தடியா?" என்றாள் பிறகு, சிரித்து.
இப்போது செங்கல் சூளை, எந்த ஊர் என்று சொன்னாள்,
பேருந்துச் சத்தத்தில் விழவில்லை.

கருவேலம் மறுபடி தலைக்கு மேலே.
குடிசைகள் இருந்த இடம் தெரிவது
மண்ணின் கறுப்பில் மட்டும்.
ஒரு கம்பம் நிற்கிறது, அதில் ஒரு மீட்டர்,
உள்ளே சிவப்புப் பொட்டு மினுங்குகிறது.
க. இருளாயி. நடப்பு அளவு: பூஜ்யம்.

கருவி காரணம் கேட்கிறது.
மீட்டர் பழுது. மீட்டர் எரிந்தது. கதவு பூட்டு.
மூன்றில் ஒன்றைத் தொடாமல்
அடுத்த பக்கம் திறக்காது.
வெயில். திரையில் என் முகம்.

கதவு பூட்டு என்று அழுத்தினேன்.
ஒன்பது முறை.
ஒன்பதாவதில்
கால்சட்டையில் முள் மாட்டி இழுத்தது,
குனிந்து எடுத்தேன்.
விரலில் கரி.