ஒரு நாளைக்கு முப்பது முறை

நீங்கள் இதைக் கைவலி என்கிறீர்கள்.
எனக்கு இது தொண்டைப்புண்.
நான் பேசுவதே இதால்தான்.
பிறக்கும்போதே காது மூடிக்கொண்டது எனக்கு,
தங்கை கசில்டாவுக்கும்.

சாந்தோஞா துறைமுகத்தில்
நெத்திலி ஆய்கிற மேசையில் பத்தொன்பது வருஷம்.
உப்பில் கிடந்து எழுந்த மீனை
வலைத்துணியில் தேய்த்துத் தோலெடுத்து
வாலை நறுக்கி, முள்ளை உருவி,
இரண்டாய்ப் பிளந்து டப்பாவில் படுக்கவைக்க வேண்டும்.
உடம்பில் மணிக்கட்டு மட்டும்தான் அசையும்.
அது அசைந்துகொண்டே இருக்கும்.

போன குளிர்காலத்து ராத்திரிகளில்
கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல் மரத்துப்போய்
உள்ளே எறும்பு ஊர்ந்தது.
காலையில் காபிக் கோப்பை நழுவியது.
பிறகு சொற்கள் நழுவின.
'நாளைக்கு' என்று தொடங்கிப்
பாதியில் கையை உதறிக்கொண்டேன்.
செலெடோனியோ, என் புருஷன்,
தன் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு
இரண்டு நாள் பாத்திரம் கழுவினான்.
நான் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இட்ஸியார் என்கிற பெண்
கழுத்தில் தொடங்கி விரல்நுனி வரைக்கும்
என் தோலின் மேல் பேனாவால் கோடு இழுத்தாள்.
மணிக்கட்டில் ஒரு வட்டம் போட்டாள்.
தாளில் எழுதினாள்:
நரம்பு இங்கே குறுகலான சந்தில் சிக்கியிருக்கிறது.
வெடுக்கென்று இழுக்காதே, வழுக்கவிடு.
ஒரு முனை இறுகும்போது மறு முனை தளரட்டும்.
கை போகிற பக்கமே தலையும் சாயட்டும்.
படகுக்கு வடம் விடுகிறவர்களைப் பார்த்ததில்லையா?
அவர்களில் ஒருத்தனைத்தான் கட்டிக்கொண்டேன் என்று
கீழே எழுதிக் கொடுத்தேன்.

முஷ்டி பிடி.
விரல்களை நீட்டு.
மணிக்கட்டைப் பின்னால் வளை.
கட்டைவிரலை விலக்கு.
உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பு.
மற்ற கையால் கட்டைவிரலை மெல்லப் பின்னுக்கு இழு.
பத்து முறை. மூன்று வேளை.
ஜன்னலோரம் நின்று செய்தேன்,
அங்கேதான் வெளிச்சம்,
சத்தியமாய் வேறொன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்துச் சைகை கற்பதற்கு முன்னால்
நாங்கள் இரண்டு பேரும் கட்டின பாஷை ஒன்று உண்டு.
அம்மாவுக்குப் பாதி புரியும்.
அதில் முஷ்டி என்றால் பூட்டு.
நீட்டிய விரல்கள், போதும்.
வளைந்த மணிக்கட்டு, கதவு.
விலகிய கட்டைவிரல் நான்.
வானம் பார்த்த உள்ளங்கை, ஒன்றுமில்லை.
கட்டைவிரலைப் பிடித்து இழுத்தால் கசில்டா.
நாலு வயது வரைக்கும் விரல் சூப்பினாள்,
வாயிலிருந்து பிடுங்குவது என் வேலை.

அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில் வந்த சண்டை.
எட்டு மாதமாய் ஒரு சொல் இல்லை.
அவள் ஜன்னல் என் ஜன்னலுக்கு எதிரே.
நடுவில் இருக்கிற சந்து மூன்று மீட்டர்.

பன்னிரண்டாம் நாள் கதவு விளக்கு மின்னியது.
மழைக்கோட்டில், சொட்டச் சொட்ட, கசில்டா.
பூட்டு, போதும், கதவு, நான், ஒன்றுமில்லை, கசில்டா!
ஒரு நாளைக்கு முப்பது முறை!
என்னதான் வேண்டும் உனக்கு?

வைத்தியம் என்று சொல்லக் கையெடுத்தேன்.
பாதியில் நின்றது.
இந்தத் தடவை வலியால் அல்ல.

அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள்,
அடியில் கன்றிச் சிவந்திருந்தது.
இப்படியா இழுப்பாய், என்றாள்.
என் பெயரை நீ எப்போதும் கத்தித்தான் சொல்வாய்.

மறுபடி முதலிலிருந்து செய்தேன்.
கடைசியில் இரண்டு விரலால்,
சதை கிழியாமல் முள் உருவுகிற மாதிரி.
இட்ஸியார் எழுதின 'மெல்ல' இதுவாக இருக்கும்.

எறும்பு போகவில்லை.
ஒரு விரலில் கொஞ்சம் குறைவு.
கசில்டா கோட்டைக் கழற்றவில்லை,
உட்காரவும் இல்லை.
ஏழு, என்று எண்ணினாள்.
எட்டு.