வாயில் ஒரு கல்

மூஸோவிலிருந்து பொகோதாவுக்கு
ஏழு மணி நேரப் பேருந்து.
வாயே திறக்கவில்லை ஒப்தூலியா.
கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே
மொச்சைக்கொட்டை அளவு மரகதம்.

சுரங்கம் கொட்டிய கரிச்சேற்றைப்
பதினோரு மாதம் ஆற்றில் அலசியவள்.
கால்விரல் நகங்கள் கறுத்துக் கழன்றுவிட்டன.
அகப்பட்ட அன்று கத்தவில்லை,
கொட்டாவியை மறைப்பதுபோல்
கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

பக்கத்து இருக்கையில் கோழிக்கூடையோடு எலியேசர்.
மழை, மருமகன், முட்டை விலை.
"வாயில் என்ன, சோள அடையா?" என்றான்.
தலையை ஆட்டினாள்.
கல்லுக்குச் சுவை இல்லை, குளிர்ச்சிதான்.
டயர் மாற்றுவதற்குள் அதுவும் போய்
அவள் சூடாகவே ஆகிவிட்டது.

நடைபாதையில்
வெள்ளைக் காகித மடிப்புகளோடு தரகர்கள்.
உள்ளங்கையில் துப்பினாள்.
அன்றைக்கு அவள் பேசிய முதல் சொல்
ஓர் எண்.

வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார் தோன் அனீபால்.
"உள்ளே தோட்டம் அதிகம்."
கல்லின் கீறல்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.
பாசி, வேர், ஒடிந்த கிளை.
தேவதாரு எண்ணெய் ஊறினால் தோட்டம் மறையும்,
மறைந்தால் விலை ஏறும்,
எங்கோ ஒரு மணப்பெண் விரல் நீட்டுவாள்,
பொய்ச்சத்தியம் செய்தால் மரகதம் வெடிக்கும் என்று
யாராவது அவளிடம் சொல்லியும் வைப்பார்கள்.

பாதி விலைக்குச் சரி என்றாள்.

கூரைக்குத் தகரம் வந்தது. கடனில் ஒரு பங்கு போனது.
திரும்பும் வழியெல்லாம்
யாரோ ஒருத்தியிடம் கோழிகளைப் பற்றிப் பேசினாள்,
இடது கன்னத்தில்
ஒரு மொச்சை அளவு இடம் விட்டு.