கீழ்க்குரல்

கோழி கூவும் வேளைப் பாட்டு என்று இதற்குப் பெயர்.
எங்கள் ஊரில் கோழி மாலை ஏழு மணிக்கே கூவிவிடும்,
பால் லாரி ஓட்டுகிறவர்கள் விடிகாலையில் எழவேண்டுமே.

வேல்ஸின் இந்த மலைமடிப்பில்
கோவிலுக்கு மின்சாரம் வந்து எழுபது வருஷம்.
ஆனாலும் அன்றைக்கு மெழுகுவத்திதான்.
நனைந்த கம்பளி, ஆட்டு நெடி,
யாரோ ஒரு பிள்ளை உரித்த ஆரஞ்சு.
போதகர் எழுந்து, “திறந்திருக்கிறது, பாடுங்கள்” என்பார்.
அதோடு அவர் வேலை முடிந்தது.

பிறகு மௌனம்.
யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
பட்டியல் இல்லை, கைதட்டல் இல்லை.
தோன்றுகிறவர்கள் எழுந்து
பூட்ஸ் சத்தத்தோடு முன்னால் போவார்கள்,
பாடுவார்கள்,
எதுவும் நடக்காததுபோல் வந்து உட்காருவார்கள்.
ஒருவர் பாடியதை அன்றிரவு
இன்னொருவர் பாடக்கூடாது.

நாங்கள் மூன்று பேர்.
மேல்குரல் நான். நடுவில் இத்தெல்.
கீழே என் டெகிட்,
கல்சுரங்கத்தின் அடியில் தண்ணீர் நகர்வதுபோல.
இருபத்திரண்டு கிறிஸ்துமஸ்
அந்தத் தண்ணீரின் மேல் நின்றுதான் பாடினேன்.

ஏப்ரலில், குட்டிகள் விழுகிற பருவத்தில்,
அவன் தொண்டையை ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது.
கழுத்தில் ஒரு துளை வைத்து
உயிரைத் திருப்பிக் கொடுத்தது.
விழித்ததும் சின்னப் பலகையில் அவன் எழுதிய முதல் வார்த்தைகள்:
“நாய்க்குச் சோறு போட்டாயா?”
சீழ்க்கையும் போய்விட்டது.
நாய் இப்போது அவன் கையைப் பார்த்து
ஆடு மடக்கப் பழகுகிறது.

சகரியாவுக்கும் பலகைதான் கொடுத்தார்கள்.
அவனுக்கு ஒன்பது மாதத் தவணை.
எங்களுக்கு யாரும் தவணை சொல்லவில்லை.

இந்த வருஷம் எழவேண்டாம் என்று
இத்தெலும் நானும் பேசிவைத்திருந்தோம்.
அவனுக்குத் தெரியாமல்தான்.
எங்கள் சமையலறைக் கதவு மெல்லியது.

நான்கு குழுக்கள் பாடி முடித்தன.
மௌனம் நீண்டது, மெழுகு வழிந்தது,
ஒருவர் இருமி நிறுத்திக்கொண்டார்.
டெகிட் எழுந்தான்.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அந்த பூட்ஸ் சத்தத்தின் பின்னால் போவதைத் தவிர
எனக்கு வேறு வழி தெரியவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து இத்தெலும் வந்தான், முகம் சிவந்து.

சட்டைப்பையிலிருந்து இசைக்கவையை எடுத்து
முழங்காலில் தட்டி
என் காதருகே பிடித்தான்.
இரும்பு பொய் சொல்லாது.
பதற்றத்தில் நான்தான் எங்கேயோ மேலே பிடித்தேன்.
இரண்டாம் வரியில் குரல் கிழிந்து
பெட்டையாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது.
நின்றுவிட்டோம்.
இந்தக் கோவிலில் யாரும் பாதியில் நின்றதில்லை.

டெகிட்டின் தோள்கள் குலுங்கின.
அழுகிறான் என்றே நினைத்தேன்.
பக்கத்து மெழுகுவத்தி
புஸ் புஸ்ஸென்று சாய்ந்து நிமிர்ந்தது.
சிரிக்கிறான்!
கழுத்துத் துளை வழியே, சத்தமே இல்லாமல்.
ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை.

மறுபடி தட்டினான். மறுபடி பிடித்தேன்.

எங்கள் பாட்டுகள் தொழுவத்தோடு நிற்பவை அல்ல.
பதினான்கு சரணம்:
ஏதேனில் கிளம்பி, வைக்கோலைக் கடந்து,
சிலுவையில் இளைப்பாறாமல்
திறந்த கல்லறைவரை ஒரே மூச்சாகப் போகும்.
நாங்கள் இருவர் பாடினோம்.
அவன் உதடு அசைந்தது.
மூச்சு வாங்க நாங்கள் நிற்கும் இடங்களில்
அவன் முன்பு தாங்கிப் பிடிப்பான்.
அங்கே இப்போது காற்று மட்டும்
உள்ளே போய் வெளியே வந்தது.
கடைசி வரிசையில் தலைகள் அசைந்தன, அதே கீழ்த்தாளத்துக்கு.
அவர்களுக்கு அது மனப்பாடம்.

வார்த்தை மாம்சமானது என்று
சிறுவயதிலிருந்து பாடிவருகிறேன்.
அந்த வார்த்தை
ஒரு வார்த்தையும் பேச முடியாமல்தான் பிறந்தது என்பது
அன்றுதான் என் காதில் விழுந்தது.

முடிவில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம்.
அவனும் போய் நின்றான்.
அத்தனை முதுகுகளில்
ஊமை முதுகு எதுவென்று
எனக்கே தெரியவில்லை.

பிறகு பின்னறையில் தேநீர், பன்றித்தொடை, ஊறுகாய் வெங்காயம்.
பலகையைத் தட்டி என்னைக் கூப்பிட்டான்.
“பத்தாம் சரணத்தில் ஒரு வரியை விழுங்கினாய்.
அடுத்த வருஷம் கொஞ்சம் கீழே பிடி.”

அடுத்த வருஷம்.
அதை நான் இரண்டு தரம் படிப்பதற்குள்
சட்டைக் கையால் துடைத்துவிட்டு எழுதினான்:
“கடுகு எங்கே?”