ஏணிக் கணக்கு

மீன் நிறுக்கும் கொக்கித் தராசில்
என் இடுப்புப் பட்டையை மாட்டித் தூக்கினான் லியாண்டர்.
பதினொரு கிலோ, நானூறு கிராம்.
"மீனாக இருந்தால் படம் பிடித்து
ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கலாம்" என்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வலது இடுப்பில் கையகலத்துக்கு நீலம்,
மூன்று வாரமாக.

நியூஃபவுண்ட்லாந்தில் அக்டோபர்.
கடலுக்கு முகம் காட்டும் மேட்டில்
குவில்டி தம்பதிக்கு இரண்டு மாடி வீடு.
எலும்புகள் நின்றுவிட்டன, தலை இன்னும் வரவில்லை.
வாங்க வந்த ஆள் போல்
காற்று அறை அறையாய்ப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போகிறது.

எதைக் கழற்ற?
கேட்டால் ஒவ்வொன்றும்
தன்னை விட்டால் ஆளில்லை என்கிறது.
திருகாணி டப்பா மட்டும் வாய் திறக்கவில்லை:
அது மூன்று வருடம் முன்பு
யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்கு வாங்கியது.

அதனால் கணக்கு வைத்தேன்.
திங்கட்கிழமை பட்டையை ஏணியடியில் அவிழ்த்துப் போட்டேன்.
சுத்தியல், அளவுநாடா, ஒரு பிடி ஆணி,
இவ்வளவோடு ஏறினேன்.
பதினான்கு படி.
எதைத் தேடி இறங்குகிறேனோ
அதன் பெயருக்கு நேராக
ஏணியடித் தூணில் ஒரு கோடு.

பென்சிலுக்கு ஏழு.
காதில் செருகியதை எல்லாம்
காற்று உருவிக் கடலுக்குக் கொடுத்தது.
கத்திக்கு ஒன்பது.
முக்கோண மூலமட்டத்துக்கு ஆறு,
சுண்ணக்கயிற்றுக்கு நான்கு,
உளிக்கும் நான்கு.
குறடுக்கு ஒன்றே ஒன்று,
அதுவும் உள்ளங்கையில் ஏறிய சிலாம்பைப் பிடுங்க.
ஆணிபிடுங்கிக்கு ஒன்றும் இல்லை.

புதன் முழுக்க மழை.
லாரிக்குள் உட்கார்ந்து தேநீர் ஆறும்வரை
அந்த வெற்றிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
அரைக் கிலோ இரும்பு.
"எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை" என்றான் லியாண்டர்,
சாக்லெட் உறையைப் பல்லால் கிழித்தபடி.
அவனுடைய உளிப்பையில் சாக்லெட்தான் இருக்கும்.

வியாழன் வெயில்.
வடகிழக்கு மூலையில் கூரைச் சட்டத்துக்குக் கீழே
கையை நீட்டியபோது விரலில் தட்டியது:
தலை சாய்ந்த ஓர் ஆணி,
மரத்தோடு மரமாக அடித்து மடக்கியது.
என் அடிதான். என் சுத்தியலின் சதுர முத்திரை.
இரண்டு முழம் தள்ளி இன்னொன்று.
ஜன்னல் மேல்கட்டையில் மூன்றாவது.

இறங்கி ஏறச் சோம்பிய மூன்று இடம்.
பதினான்கு படி இறங்கி, பதினான்கு ஏறி,
பிடுங்கி, மறுபடி அடிப்பதற்கு
இரண்டு அடியில் மடக்கிவிடலாம் என்று
கை தானாகவே முடிவெடுத்திருக்கிறது.
என்னிடம் கேட்கவுமில்லை.

தூணுக்கு அது தெரியாது.
இறங்கியதைத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
இறங்காமல் விட்டதற்கு ஏது கோடு?

மூன்றையும் பிடுங்கினேன்.
ஒவ்வொன்றும் வரும்போது
மிதிபட்ட நாய்க்குட்டி போல் கத்தியது.
மூன்றாவது கொஞ்சம் மரத்தையும் கொண்டுவந்தது.

வெள்ளி மாலை மறுபடி தராசு.
ஐந்து கிலோ இருநூறு.
குறடு லாரியில், ரசமட்டம் லாரியில்,
இரண்டாவது சுத்தியல் லாரியில்.
(அது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.)
கோழிக்கூட்டுத் திருகாணிகளை
குவில்டியின் மனைவிக்குக் கொடுத்தேன்.
சும்மா கிடைத்ததால் வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கோடெல்லாம் என்ன?" என்றார் தூணைக் காட்டி.
"ஏணிக் கணக்கு" என்றேன்.
"அழிக்க வேண்டாம்" என்றார்.
அடுத்த வாரம் அட்டைப்பலகை வந்து மூடும்.
அதன்மேல் அவர் கடிகாரம் மாட்டுவாராம்.

ஆணிபிடுங்கி இடப்பக்கம், பின்னால்,
நீலம் இல்லாத இடுப்பில் தொங்குகிறது.
இன்று காலை மட்டும்
கூரையின் அந்தக் கோடியிலிருந்து
இரண்டு முறை கை நீட்டிவிட்டான் லியாண்டர்.