எட்டாங்கட்டை வளைவு

பகாவ் டவுனைத் தாண்டி எட்டாங்கட்டையில்
சாலை திடீரென்று மனம் மாறும்.
பால் வாளியோடு அங்கேதான் நின்றோம்,
ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளத்தை மறந்து.

முதலில் சத்தம். நிரை முழுக்க மங்குகள் நடுங்கின.
பிறகு நார்ட்டன். அதன்மேல்
தண்டல் மகன் இருசப்பன்:
முழங்காலில் லாரி டியூப் துண்டு,
பல்லில் கடித்த சட்டைக் காலர்.
ஒட்டியபடியே மீன்கடை ஆ லோக்,
சிரித்துக்கொண்டு.

சாய்ந்தார்கள். தோளுக்கும் தாருக்கும்
ஒரு சாண் மிச்சம்.
பிரேக் பிடிக்கவில்லை.
சத்தியமாக, ரெண்டு பேரும் பிடிக்கவில்லை.

ஜெயித்தது யாரென்று மறந்துபோச்சு.
நாங்கள் வெட்டிய பால்தான்
கப்பலேறி டயராகித் திரும்பி வந்து
அந்தச் சாய்வைத் தாங்கியதாம்;
கோப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் இருட்டில்
மரத்தின் சாய்ந்த கோட்டில் கத்தியை வைத்தேன்.
மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு.
வளைவில் நிறுத்தவில்லை.