நகராத சிகரம்

குவோப்பியோவில் பிப்ரவரி. மைனஸ் இருபத்து மூன்று.
அதைவிடக் குளிர்ந்த ஓரிடம் எங்கள் ஆய்வகத்துக்குள் இருந்தது:
காந்தத்தின் வயிற்றில் திரவ ஹீலியம்.
அதைப் பசு என்றுதான் கூப்பிடுவோம்.
வேளைக்குத் தீனி கேட்கும், பெருத்த உடம்பு,
ஒரு வேலையும் செய்யாததுபோல் நிற்கும்.

சைமி ரூஸ்கானென், தபால்காரி, வயது நாற்பத்தொன்று.
வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்:
கடிகாரம், கொண்டை ஊசி, சாவி,
எல்லாம் இந்தத் தட்டில்.
சாவிக்கொத்து அரைக் கிலோ இருக்கும்,
பதினேழு அடுக்ககங்களின் கீழ்க்கதவுகள்.
"இது இல்லாமல் நான் எங்கேயும் நுழைய முடியாது,"
என்றபடி வைத்தாள்.

மருத்துவர் கடிதத்தில் ஒரே வரி:
களைப்பு, காரணம் தெரியவில்லை, மனம் சார்ந்ததாக இருக்கலாம்.
பள்ளியின் பனிச்சறுக்கு ஓட்டத்தில்
முதல் மேட்டிலேயே உட்கார்ந்துவிடுவாளாம்.
மாவு மூட்டை என்று பெயர் வைத்தார் ஆசிரியர்.
இப்போது மேடு வந்தால் நின்று,
ஓர் உறையைக் கண்ணருகே பிடித்து
முகவரி படிப்பதுபோல் நடிக்கிறாள்.
"இருபது வருஷமாக. எனக்குப் பார்வை மங்கல் என்று
ஊரே நம்புகிறது."

முன்கையைக் குழாய்க்குள் நீட்டினாள்.
அடியில் ஐந்து மார்க் நாணயம் அளவு
ஒரு செம்புச் சுருள்.
இமைப்பொழுதைப் பத்தாயிரமாகப் பிரித்தால்
அதில் ஒரு துண்டு நேரம் வானொலி தட்டும்.
பாஸ்பரஸ் கருக்கள் சாயும், சுழலும்,
பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து
ஆளுக்கொரு சுருதியில் பதில் சொல்லும்.
தோலுக்கு ஒன்றும் தெரியாது.

அறுத்து எடுத்தால் பொய்யாகிவிடும் சரக்கு இது.
உறையவைப்பதற்குள் பாதி செலவாகிப் போகும்.
உயிரோடு கேட்டால்தான்
மெய் மெய் பேசும்.

தாளில் ஐந்து சிகரங்கள்.
இடக்கோடியில் குட்டியாய்த் தனிப் பாஸ்பேட்.
அடுத்து உயரமாய்க் கிரியேட்டின் பாஸ்பேட், அது கையிருப்பு.
அதற்கும் வலப்புறம் ஏ.டி.பி. மூன்றாகப் பிரிந்து நிற்கும்,
அன்றாடச் செலவுக்கான சில்லறை.

"பிழியுங்கள்," என்றேன்.
ரப்பர் பந்து மூச்சுவிட்டது.
கையிருப்பு கரைந்தது. குட்டி வளர்ந்தது.
எல்லார் கையிலும் நடப்பதுதான்.
அடுத்ததற்காகக் காத்திருந்தேன்:
உழைக்கும் தசை புளிக்கும்,
புளிக்கப் புளிக்க அந்தக் குட்டிச் சிகரம்
வலப்பக்கம் ஒதுங்கும்.
என் சொந்தக் கையில் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

நகரவில்லை.

பசுவைச் சந்தேகப்பட்டேன். கம்பிகளைச் சந்தேகப்பட்டேன்.
தாளின் நடுவில் ஒரு கீறல்:
ரயில் நிலையத்தில் எந்த டாக்சியோ யாரையோ கூப்பிட்டிருக்கிறது.
அழித்துவிட்டு மறுபடி.
விரல்கள் கொக்கிபோல் இறுகிக்கொண்டன,
உதடு வெளுத்தது.
போதும் நிறுத்துங்கள் என்று கத்தினேன்.
"இன்னும் முடியும்," என்றாள்
அந்தச் சோம்பேறி.

நகரவில்லை. போதாக்குறைக்கு
மயிரிழை இடப்பக்கம் போயிருந்தது.

கை தானாக விரிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சொன்னேன்:
உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதி சரி.
தசை நிறைய மாவுதான்.
அதைப் பிரித்தெடுக்கும் நொதி ஒன்று
பிறக்கும்போதே உங்களிடம் இல்லை போலிருக்கிறது.
கிடங்கு நிரம்பியிருக்கிறது. திறக்கத்தான் முடியவில்லை.

அவள் பார்வை
வாசலுக்கு வெளியே தட்டின் பக்கம் போய்வந்தது.

மருந்து உண்டா என்று கேட்பாள் என நினைத்தேன்.
"நகராதது எது?" என்றாள்.
பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.
தாளை நாலாக மடித்துத்
தபால் பைக்குள் வைத்துக்கொண்டாள்,
யாருக்கோ சேர்ப்பிக்க வேண்டியதைப் போல.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு சின்ன மேடு.
பாதியில் நின்றாள்.
பையைத் திறக்கவில்லை, எந்த உறையையும் எடுக்கவில்லை.
மாணவர்கள் விலகிக் கடந்து போனார்கள்.
வெட்டவெளியில், கைகளைத் தொங்கவிட்டு,
தசை எப்போது சரி என்கிறதோ அதுவரை
சும்மா நின்றாள்.